லேத்துக்குப் பின்னால் நாலடி

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வேலை கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜின் இறக்குவது, ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டை லேத் என்கிற கடைசல் மெஷினில் கடைவது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து லேத் பட்டறைகளில் அப்போது இடமே கிடைக்காது. எங்கள் கல்லூரியில் படிக்கும் பையன்களில் பலர் வீட்டில் படகோ வள்ளமோ ஏதாவது ஒன்று இருக்கும். "சார், அப்பாவோட ராடு ஒன்னு, அஞ்சு நிமிஷ வேலை" என்று யாராவது வந்து தலையைச் சொறிவான். நானும் சரி என்பேன். மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப்பில் பயிற்றுநராகப் பதினெட்டு வருஷம். இந்த "சரி"யை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அன்றைக்கு சனிக்கிழமை. மூன்றாம் வருஷப் பையன் ஒருவன், பாம்பன்காரன், கெட்டிக்காரன். வள்ளத்து இன்ஜினுக்கு ஷாஃப்ட் போடவென்று 20 மி.மீ. தடிமனில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடு கொண்டுவந்தான். நீளம் ஆறரை அடி. முனையை ஃபேஸ் பண்ணி, அதாவது சமமாகச் சீவி, மரை போட வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவு நீளம் சக்குக்கு, அதாவது ராடைக் கவ்விச் சுற்றுகிற பிடிக்கு, முன்னால் நிற்காது. அதனால் சக்கைத் திறந்து ராடை ஹெட் ஸ்டாக் என்கிற, சக்குக்குப் பின்னால் உள்ள பெட்டியின் துளை வழியாகப் பின்பக்கம் தள்ளிவிட்டு, முனையை மட்டும் முன்னால் பிடித்தான். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். இரண்டடி ஹெட் ஸ்டாக்குக்குள் இருந்தது. மிச்சம் நாலடி பின்பக்கம், பிடிமானம் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் மெதுவான வேகத்தில் ஓட்டியிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. ஃபினிஷ் நன்றாக வரட்டும் என்று லீவரை மாற்றி நிமிஷத்துக்கு 630 சுற்றில் போட்டிருக்கிறான். நான் அப்போது ஸ்டோர் அறையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் தகரக் கூரையை யாரோ அடிப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் லேத்தே தரையில் குதிக்கிற சத்தம். ஓடி வந்து பார்த்தால் ராடு ஹெட் ஸ்டாக் வாயில் செங்குத்தாக வளைந்து, நாலடிக் கம்பி காற்றாடி மாதிரி சுற்றிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது, சில்லுச் சில்லாகப் பறந்திருந்தது. அந்த ஸ்டூலில் அவன் கூட்டாளி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன், டீ வாங்க எழுந்து போய் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பையன் மெஷினை நிறுத்தப் போகவில்லை. போக முடியவில்லை. சிவப்பு பட்டன் இருந்தது ஹெட் ஸ்டாக்கின் இடப்பக்க ஓரத்தில், அந்தக் கம்பி சுற்றுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அவன் புத்திசாலித்தனமாக எதிர்ப்பக்கம் ஓடி, சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தான். அதற்கப்புறமும் உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி, சுவரை இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதனாலேயே இதை எழுத முடிகிறது.

ஏன் வளைந்தது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு முனையை மட்டும் பிடித்த கம்பிக்கு, சுற்றும்போது தாங்குகிற வேகம் ஒன்று உண்டு. அதை நெருங்கினால் கம்பி வெளிப்பக்கம் தள்ளும். கொஞ்சம் தள்ளினால் போதும், அந்தத் தள்ளலே மேலும் தள்ளும். அப்புறம் அதை நிமிர்த்த ஆளில்லை. இதில் விஷயம் நீளம்தான்: நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் வேகம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிவிடும். 20 மி.மீ. ராடு நாலடி நீட்டியிருந்தால் அந்த எல்லை கிட்டத்தட்ட 600 சுற்றில் வந்துவிடுகிறது. அவன் போட்டது 630. பாடப்புத்தகத்தில் 'ஷாஃப்ட் விர்லிங்' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதே பையன் அதில் நல்ல மார்க் வாங்கியவன். வகுப்பில் படித்ததும் பட்டறையில் நீட்டிக்கொண்டிருந்ததும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

நம்ம ஊர்ப் பையன்களுக்கு ஆபத்து தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படகில் வலைக்கயிறு இழுக்கிற விஞ்ச் ஓடும்போது கயிற்றுச் சுருளுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது பத்து வயசிலேயே தெரியும். இழுவையில் இருக்கிற கயிற்றுக்கு நேராக ஒருத்தனும் நிற்க மாட்டான். ஆனால் அது கடல், இது காலேஜ். இங்கே வந்ததும் அந்த எச்சரிக்கை கழன்று விழுந்துவிடுகிறது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் வகுப்பில் லேத்தின் பின்பக்கத்தைக் காட்டி, "இது இழுவைக் கயிறு" என்று மட்டும் சொல்கிறேன். நான் முன்பு ஒட்டியிருந்த பதினேழு விதிகள் கொண்ட பலகையைவிட இது வேலை செய்கிறது.

அந்தப் பலகையை எடுத்துவிட்டேன். கத்திச் சொல்வதையும் குறைத்துவிட்டேன். தப்பு செய்ய முடியாதபடி இடத்தை மாற்றி அமைப்பதுதான் உருப்படியான வேலை என்று இப்போது நினைக்கிறேன். ஹெட் ஸ்டாக்குக்குப் பின்னால் தரையில் போல்ட் அடித்து ஒரு தாங்கி நிறுத்தியிருக்கிறோம், அதில் பைப், பைப்புக்குள் மரப் புஷ் (உள்வளையம்). நீள ராடு அதற்குள் போய்த்தான் சுற்றும். ஒரு சாணுக்கு மேல் வெளியே நீட்டினால் தாங்கி இல்லாமல் ஓட்டக் கூடாது. நிறுத்தும் பட்டன் இன்னொன்று மெஷினின் மறுமுனையில், டெயில் ஸ்டாக் பக்கம். ஒரு மெஷினை எந்தப் பக்கம் நின்று பயந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து நிறுத்த முடிய வேண்டும்.

சக்கை இறுக்கித் தளர்த்துகிற சக் சாவி விஷயமும் அப்படித்தான். சக்கில் சாவியை வைத்துவிட்டு மெஷினை ஓட்டுவது உலகத்திலுள்ள எல்லா லேத் பட்டறையிலும் நடக்கிற தப்பு. எங்கள் கூரையில் ஒரு ட்யூப் லைட் அப்படித்தான் போனது. "சாவியை விட்டுக் கை எடுக்காதே" என்று எத்தனை வருஷம் சொன்னேன்! கடைசியில் எலக்ட்ரிக்கல் பையன்கள் ஒரு பழைய லிமிட் ஸ்விட்சை வைத்து சாவிக்கு ஒரு கூடு செய்து கொடுத்தார்கள். சாவி கூட்டில் உட்கார்ந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். செலவு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான். அதற்குப் பிறகு நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை.

இனி உப்பு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரியாது. எங்கள் பட்டறைக்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் விரிகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு உள்ளேதான் வரும். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் துருவோடு சண்டை போட்டுவிட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்துக்கு வழி விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தடவாமல் போனால் திங்கட்கிழமை லேத் பெட் செம்மண் நிறத்தில் இருக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற துரு, தேய்த்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத துருதான் ஆளை அடிக்கும்.

ஒரு மாணவி வந்து, "சார், டிரில்லிங் மெஷின்ல கை வச்சா சுர்ருங்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மரப்பலகை மேல நின்னு வேலை பாரும்மா." வேலைப் பளு, பேட்ச் முடிய வேண்டும், இதெல்லாம் சாக்குதான். மறுநாள் மனசு கேட்காமல் கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த்தைச் சோதித்தால், எர்த்தே இல்லை. மெஷினிலிருந்து வருகிற பட்டை பார்வைக்குப் பெயின்டோடு பளிச்சென்று இருந்தது. வெளியே எர்த் குழியில் பைப்பும் மேலே நன்றாகத்தான் இருந்தது. தோண்டினோம். மண்ணுக்குள் ஒரு சாண் கீழே பைப்பை உப்பு தின்று முடித்திருந்தது. கையால் அசைத்ததும் மேல்பாதி மட்டும் தனியே வந்துவிட்டது. அந்தப் பெண் ஈரக் கையோடு, வியர்வை வழிகிற மே மாதத்தில் அந்த மெஷினைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். உப்பு வியர்வையில் நனைந்த தோலில் கரண்ட் போவது சுலபம்.

இப்போது எங்கள் பழக்கம்: மெஷின் "சுர்" என்றால் அந்த மெஷின் அன்றைக்கு இல்லை. பிளக் பிடுங்கிச் சீட்டு கட்டிவிடுவோம். மெஷின்களுக்கு, கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் தானே கட்டாகிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் போட்டிருக்கிறோம். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குள்ளேயும் உப்பு போகும். நிறுத்தும் பட்டனும் அப்படித்தான். காளான் மாதிரி சிவப்பாக, அழகாக இருக்கும், அமுக்கினால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் மெஷினை முதல் தடவை சிவப்பு பட்டனால்தான் நிறுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நிற்காவிட்டால் வேலை தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

கரண்ட் கட் ஆவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கரண்ட் போகும், வரும். பழைய டிரில்லிங் மெஷின்களில் சாதாரண ஸ்விட்ச் இருக்கும். கரண்ட் போனதும் பையன் ஸ்விட்சை அணைக்காமல் துளை போடுகிற பிட்டில் சுற்றிய இரும்புச் சீவல் சுருளைக் கையால் எடுப்பான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வரும். ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் இருந்தால் கரண்ட் திரும்பி வந்தாலும் மறுபடி பச்சை பட்டனை அமுக்கினால்தான் ஓடும். வாங்குகிற பழைய மெஷினில் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெயின்டை அப்புறம் பார்க்கலாம்.

உடம்பில் கட்டியிருப்பவை பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம். மணிக்கட்டில் கயிறு இல்லாத பையன் எங்கள் பக்கம் குறைவு. குலசாமி கயிறு, உத்தரகோசமங்கை போய் வந்த கயிறு, ஏர்வாடி தர்காவில் கட்டியது. சுற்றுகிற ஸ்பிண்டிலுக்குக் கயிறு எந்தச் சாமியுடையது என்று தெரியாது. ஒரு நூல் மாட்டினால் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் "அறுத்துப் போடு" என்று நான் சொன்னால் அடுத்த நாள் வீட்டிலிருந்து ஆள் வரும், வந்தார்கள். ஒரு பையனின் அப்பத்தா வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். லேத் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே பேரன் கைக்கயிற்றை அவிழ்த்து, "இடுப்புல இருந்தா சாமி கோவிக்காது" என்று சொல்லி அரைஞாணோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அதுதான் இன்றைக்கும் எங்கள் பட்டறை விதி. மோதிரம் கழற்ற வேண்டும், அதற்கு ஒரு டப்பா இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு ஷால், தலைத்துணி எதுவானாலும் கோட்டுக்குள். சடை கோட்டுக்குள். தொங்குகிற மல்லிகைச் சரத்தைச் சுருட்டிக் கிளிப் போட்டுத் தொப்பிக்குள். டிரில்லிங் மெஷினில் குனியும்போது முதலில் முன்னால் விழுவது அந்தச் சரம்தான்.

கையுறை கேட்டு ஒரு தாய் சண்டைக்கே வந்தார். "இவ்வளவு ஃபீஸ் வாங்குறீங்க, புள்ளைக்கு ஒரு கிளவுஸ் குடுக்க மாட்டீங்களா?" நியாயமான கேள்வி. வெல்டிங்குக்கும் தகடு தூக்குவதற்கும் தோல் கையுறை கொடுக்கிறோம். லேத், டிரில்லிங் மாதிரி சுற்றுகிற மெஷினில் கையுறை போடக் கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழிந்து விடுபட வாய்ப்பிருக்கிறது, கையுறை பட்டால் துணி சுற்றிக்கொண்டு முழுக் கையையும் கொண்டுபோகும். சுருளை எடுக்கக் கொக்கி இருக்கிறது. கொக்கிக்கும் பிடி நேராகத்தான் இருக்க வேண்டும். வளையம் வைத்த கொக்கி வாங்காதீர்கள், விரல் அதில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் என் அனுபவத்தில் மெஷினைவிடப் பெரிய ஆபத்து தூக்கம்தான். காலையில் ஒரு பையன் கண் சிவந்து நின்றால் மற்ற ஊர்களில் வேறு மாதிரி நினைப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "ராத்திரி தொழிலுக்குப் போனியா?" அப்பாவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் பிள்ளைதான் போவான். விடிய விடிய வலை இழுத்துவிட்டு, மீனை ஏலத்துக்கு இறக்கிவிட்டு, குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு லேத் முன்னால் நிற்கிறான். திட்டினால் அடுத்த தடவை மறைப்பான். அதனால் அப்படி வருகிறவனுக்கு அன்றைக்கு மைக்ரோமீட்டர் மேசை, இல்லையென்றால் ஸ்டோர் கணக்கு. வருகைப் பதிவு உண்டு, மார்க்கும் குறையாது. இதை ஏற்பாடு செய்தபின் பையன்கள் தாங்களே வந்து "சார், இன்னைக்கு மேசை" என்று சொல்கிறார்கள். நோன்பு மாதத்தில் மதிய பேட்ச்சில் வெல்டிங் வைப்பதில்லை, காலையிலேயே முடித்துவிடுவோம். தண்ணீர்கூடக் குடிக்காமல் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் முகமூடி போட்டு ஒரு பிள்ளையை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அந்த வலை இழுத்த கையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். இரும்பை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் அதில் பட்டால் புண்தான். கூலன்ட் புதுசாக இருக்கும்போது பால் மாதிரி இருக்கும். தொட்டியில் சும்மா கிடந்தால் கெட்டு நாறும். திங்கட்கிழமை பட்டறை நாறினால் அதை வடித்துத் தொட்டியைக் கழுவ வேண்டும், பினாயில் ஊற்றி வாசனையை மறைக்கக் கூடாது. கையைக் கழுவ டீசலைத் தேடுவது படகுப் பழக்கம். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டாலே கரி போய்விடும். காட்டன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டாம், அதில் இரும்புத் துகள் குத்திக்கொண்டிருக்கும்.

சாணைக்கல்லைப் பற்றிச் சுருக்கமாக. மாட்டுவதற்கு முன் கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் வெண்கலப் பாத்திரம்போலச் சத்தம் தரும், விரிசல் இருந்தால் சட்டி உடைந்த சத்தம். ஓட்டியதும் ஒரு நிமிஷம் ஓரமாக நில்லுங்கள், கல்லுக்கு நேராக அல்ல. தீட்டுகிற பொருளைத் தாங்குகிற டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ. தாண்டக் கூடாது. அலுமினியத்தை அதில் பிடிக்காதீர்கள், அது கல்லின் துளைகளில் அப்பிக்கொள்ளும்.

கண்ணாடி போடாத ஒருவனுக்குக் கண்ணில் துகள் விழுந்தது. நான் போவதற்குள் கூட்டாளி கைக்குட்டை முனையை முறுக்கி உள்ளே விட்டிருந்தான். ஊரில் நாக்கால் எடுப்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். கருவிழியில் பதிந்த இரும்புத் துகள் ஒரு நாளைக்குள்ளேயே சுற்றிலும் துரு வளையம் போட ஆரம்பிக்கும். கண் டாக்டர்தான் எடுக்க வேண்டும். பவர் கண்ணாடி போட்டவனுக்கும் பக்கவாட்டில் மூடிய கண்ணாடி தனியாக வேண்டும்.

வெல்டிங் கண் வேறு கதை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பையனுக்குச் சாயங்காலம்வரை ஒன்றுமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அவன் அம்மா போன் பண்ணினார். "சார், கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி கத்துறான், தாய்ப்பால் விடலாமா?" வேண்டாம் என்றேன். இருட்டறை, கண்மேல் ஈரத்துணி, காலையில் டாக்டர். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகிற சொட்டு மருந்தை மட்டும் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அது கண்ணை ஆறவிடாது.

முதலுதவிப் பெட்டியில் நான் புதிதாகச் சேர்த்தது இரண்டு ஜிப் கவர். காரணம், ஒரு மாணவன் வகுப்பில் சொன்ன சம்பவம். அவன் மாமாவுக்கு விஞ்ச்சில் விரல் துண்டாகிவிட்டது. நம்மிடம்தான் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லையே, விரலை அப்படியே மீன் ஐஸுக்குள் புதைத்து மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நேராக ஐஸ் பட்டதால் விரல் கெட்டுவிட்டது. துண்டான விரலை நல்ல தண்ணீரில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, கவருக்குள் போட்டு இறுக மூடி, அந்தக் கவரைத்தான் ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவரில் வைக்க வேண்டும். ஐஸ் விரலைத் தொடக்கூடாது. ஒருவர் காயத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் 108-க்குப் போன் பண்ண வேண்டும். இதைப் பையன்களைவிட அவர்கள் அப்பாக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். முன் வரிசையில் இருந்தவர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்று பேருக்கு விரல் குறைவு.

அந்த ராடின் கதையில் ஒன்று பாக்கி. திங்கட்கிழமை பையனின் அப்பா வந்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். சுவரில் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். வளைந்த கம்பியைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டூல் இருந்த இடத்தையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னிடம், "சார், நேரா இருக்குற இந்த ரெண்டடியை வெட்டித் தர முடியுமா? எஸ்.எஸ். விலைக்கு வீணாக்க மனசில்ல" என்றார். வெட்டிக் கொடுத்தேன். வளைந்த நாலடியைக் கேட்டு வாங்கி லேத்துக்குப் பின்னால், அந்தப் பள்ளத்துக்கு மேலேயே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். பள்ளத்தைப் பூச வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.